செண்பகம் என்பவர்

மனுவோடு இணைத்து அனுப்பப்படும் அசல் ஆவணத்தில் துளையிடக் கூடாது. அதைத் தனி உறையில் இட்டு, உறையைத்தான் கோப்பில் கோக்க வேண்டும். வேலை முடிந்ததும் மனுதாரரிடம் சேதமின்றித் திருப்பித் தர வேண்டும். என் பிரிவுக்குப் புதிதாக வந்த ஒவ்வொரு இளநிலை உதவியாளருக்கும் முதல் நாளே நான் சொல்லிக் கொடுத்த பாடம் இது. இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. தாய்ப் பறவை ஒன்று கூட்டின் வாசலில் நிற்கிறது. இறக்கை செங்கல் நிறம், உடம்பு கறுப்பு, கண் சிவப்பு. அதற்குக் கீழே இரண்டு திறந்த வாய்கள். பறவையின் அலகில் ஓர் ஓணான் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். அந்த இடத்தில் இப்போது ஒரு துளை இருக்கிறது. கோப்புக் கயிறு நுழையும் அளவுக்குச் சரியான, வட்டமான துளை. போட்டவன் வேலை தெரிந்தவன்.

படத்தை எடுத்தவள் என் மனைவி. கேமரா எனக்கு வந்தது. மாவட்டம் பிரிந்த 1989இல் வேலூரிலிருந்து கோப்பு மூட்டைகளோடு லாரியில் வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். எட்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றபோது அலுவலகத்தார் சால்வை போர்த்தி ஒரு சின்ன ஃபிலிம் கேமராவையும் கையில் கொடுத்தார்கள். எதைப் படம் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. கொல்லையில் ஒரு கிணறு, துவைக்கிற கல், வேலியோரம் ஒரு கொடுக்காப்புளி மரம். மாசி பிறந்து காய் சிவக்கத் தொடங்கியதும் கிளி, மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் அந்த மரத்துக்கு வரும். பௌர்ணமிக்கு மலை சுற்றுகிற கூட்டமும் ஒலிபெருக்கியும் ஓய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் கொல்லையில் ஒரு குருவிகூட வாய் திறக்காது என்பதை முப்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு வேண்டியிருந்தது செம்போத்துதான். பார்க்கக் காக்கை அளவு இருக்கும், ஆனால் காக்கையின் துணிச்சல் கிடையாது. ஆள் நிழல் பட்டால் புதருக்குள் நடந்தே போய்விடும். மரத்தின் ஒரு கிளை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்வரை சாய்ந்திருந்தது. அதன்மேல் கோவைக்கொடி அடர்ந்து படர்ந்திருந்தது. அதற்குள் பந்து மாதிரி கூடு. எங்கள் கேமராவில் தூரத்தை இழுத்துக் காட்டும் வசதி இல்லை. ஆறேழு அடிக்குள் போனால்தான் படம். ஆகவே பழைய பச்சைப் புடவை ஒன்றை மாடியில் துணி உலர்த்தும் கொடியில் விரித்து, லென்ஸ் அளவுக்கு அதில் ஓர் ஓட்டை வெட்டி, பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். 1998 பங்குனி முழுவதும் உட்கார்ந்தாள். அந்த வருடம் முட்டையைக் காக்கை கொண்டுபோயிற்று. மறு வருடம் மறுபடியும் உட்கார்ந்தாள். பறவை புடவைக்குப் பழகுவதற்கு முன்பே நான் பழகிவிட்டேன். காலைக் காப்பியை நானே போட்டுக்கொள்ளக் கற்றேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் வடகம் காயவைக்கத் தன் மாடிக்கு வந்தபோது இதைப் பார்த்து என்னிடம் கேட்டாள். "இன்னா சார், வூட்டுக்காரம்மா புடவைக்குப் பின்னால ஒளிஞ்சிகினு கீறாங்க? சண்டையா?"

"அதெல்லாம் இல்லைங்க. செண்பகத்துக்குக் குஞ்சு பொரிச்சிருக்கு."

"எந்தச் செண்பகம்? மாவு மில்லுக்காரர் சம்சாரமா? அவங்களுக்கு வயசு அம்பது ஆவுதே சார்!"

புடவை குலுங்கியது. உள்ளேயிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது. "செம்போத்துன்னு சொல்லுங்களேன். ஊரு பூரா அப்படித்தான் சொல்லுது."

செம்போத்துக்குச் செண்பகம் என்றும் பெயருண்டு. எனக்கு அதுதான் எழுத்துக்குத் தகுந்த பெயராகப் பட்டது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முப்பத்தாறு படத்தில் முப்பத்தைந்து வெறும் இலை. ஒன்று மட்டும் விழுந்தது. தேரடித் தெரு ஸ்டூடியோவிலிருந்து அந்தப் பிரதியை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வரும்போது அவள் அதை உறையில் வைக்கவே இல்லை. விளிம்பைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். "ஓணான் வாலு கூடத் தெரியுது பாருங்க" என்று மூன்று தடவை சொன்னாள். குஞ்சுகள் பறக்க இன்னும் பதினைந்து நாள் ஆகும், தினம் ஒரு படமாக அவை வளர்வதை எடுக்கப் போகிறேன் என்றாள். புது ஃபிலிம் சுருளும் வாங்கியாகிவிட்டது.

மூன்றாம் நாள் லைன்மேன் வந்தார். சித்திரைக் காற்று எழுவதற்குள் கம்பியில் உரசுகிற கிளைகளை எல்லாம் வெட்டுகிறார்களாம், எங்கள் தெரு வெள்ளிக்கிழமையாம். கிளை வெட்டுவதற்கு முன் வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மரத்துக்கு நோட்டீஸா சார்? வூட்ல சொன்னா போதாதா?"

என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்து, மாடிக்கு அழைத்துப்போய்க் கூட்டைக் காட்டினாள். அவர் புடவை ஓட்டையில் கண் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே இறங்கி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. "பதினஞ்சு நாள்தானேம்மா? நான் உங்க தெருவைக் கடைசில வெச்சிக்கறேன். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம், வுடுங்க."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டியே வந்திருக்காது. ஆனால் வாய்மொழி உத்தரவுக்கு மதிப்பில்லை என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். நாளைக்கு அவருக்குப் பதில் வேறொருவர் வந்தால்? மேலதிகாரி கேட்டால்? அன்று மாலையே மனு எழுதினேன். எந்த அலுவலகத்துக்கு என்று சொல்ல மாட்டேன், ஓய்வூதியம் வாங்குகிறவன். எல்லாத் துறைக்கும் உத்தரவு போடும் அலுவலகம், நான் வேலை பார்த்த அலுவலகம், அவ்வளவு போதும். 'பொருள்' என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: 'கொல்லையில் குடியிருக்கும் செண்பகம் – இரு குஞ்சுகளுடன் – இருப்பிடத்தை அகற்றுவதை நிறுத்திவைக்கக் கோருதல்.'

"செம்போத்துன்னு எழுதுங்க. இல்லன்னா பறவைன்னாவது போடுங்க" என்றாள் அவள்.

"மனுவில் கொச்சை கூடாது. பறவை என்று உள்ளே எழுதியிருக்கிறேன்."

"போட்டோவையும் வைக்கறீங்களா? இன்னொரு காப்பி போட்டு வையுங்களேன்."

"அசலுக்குத்தான் மதிப்பு. பத்திரமாகத் திரும்பி வரும். விதி இருக்கிறது."

முப்பத்தாறில் அந்த ஒன்றை நான் குண்டூசி படாமல் உறையில் போடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனுவின் நகலை லைன்மேனிடமும் கொடுத்தேன், அவருக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று. அவர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இன்னா சார் இப்படிப் பண்ணிட்டீங்க. பேப்பர் போயிடுச்சுன்னா நான் எப்படி சார் தள்ளிப் போடறது? அங்கிருந்து நிறுத்துன்னு வந்தா நிறுத்தலாம். வரலைன்னா தேதிப்படி வெட்டணும். வெட்டலைன்னா ஏன் வெட்டலைன்னு எங்கிட்டதான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

புதனும் வியாழனும் என் பழைய அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். நான் கைபிடித்துக் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவர்தான் இப்போது அங்கே கண்காணிப்பாளர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். "சார், உங்களுதா சார்? ஃபைல் போட்டாச்சு சார். மேல வெச்சிருக்கோம். உங்களுக்குத் தெரியாததா சார்" என்றார். தெரியும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளை விழுந்தது. லைன்மேன் கூடு இருந்த கொத்தைத் தனியாகக் கயிறு கட்டித்தான் இறக்கினார். அதற்கு எந்த உத்தரவும் இல்லை, அவராகவே செய்தார். இறக்கிப் பார்த்தபோது கூட்டில் ஒரு குஞ்சு இருந்தது. இன்னொன்று இல்லை. அவள் அதைக் கொத்தோடு வேலிப்புதரில் வைத்துவிட்டு மாலைவரை துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். தாய் வேலிவரை வந்தது, பழைய கிளை இருந்த வெற்றிடத்தை நோக்கிப் போனது, மறுபடி வந்தது. புதருக்குள் போகவே இல்லை. மறுநாள் காலையில் கூடு காலியாக இருந்தது. பூனையா, காக்கையா, தெரியாது. அவள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. புடவையை அவிழ்த்து மடித்தாள். புது ஃபிலிம் சுருளைக் கேமராவில் போடாமலே இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்வதுதானே எனக்குத் தெரிந்த வேலை.

அதற்குப் பிறகு எனக்கு அந்தப் புகைப்படம் மட்டுமாவது திரும்ப வேண்டும் என்றிருந்தது. நெகடிவைக் கேட்டு ஸ்டூடியோவுக்குப் போனால் கடை கைமாறியிருந்தது. பழைய நெகடிவ் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டதாம். நினைவூட்டுக் கடிதம் போட்டேன். முதல் நினைவூட்டு, இரண்டாவது, பதிவுத் தபாலில் மூன்றாவது. நேரில் போனால் நாற்காலியும் காப்பியும் தவறாமல் கிடைத்தன. இதற்கிடையில் வேலிக்கு அந்தப் பக்கம், மலை சுற்ற வருகிறவர்களுக்கென்று ஒரு லாட்ஜ் எழும்பியது. ஒவ்வொரு பங்குனியிலும் கொல்லைப் பக்கம் எங்கேயோ செம்போத்து 'ஊப் ஊப்' என்று குரல் கொடுக்கும். அவள் கையிலிருக்கும் வேலையை நிறுத்திக் கேட்பாள், பிறகு வேலையைத் தொடர்வாள். பீரோவைத் திறந்ததில்லை. வேறு கேமரா வாங்கித் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "எதுக்கு, இன்னொரு மனுவுக்கா?" என்றாள்.

கடைசியில் பதில் வந்தது. பழுப்பு உறை, உள்ளே ஒரு தாள். 'பார்வையில் காணும் மனுவில் கண்ட செண்பகம் என்பவர் மேற்படி முகவரியில் குடியிருப்பதற்கான குடும்ப அட்டை நகல் இணைக்கப்படவில்லை. இணைக்கப்பட்டுள்ள புகைப்படத்தில் நபரின் முகம் தெளிவாக இல்லை. எனவே கோரிக்கை ஏற்க இயலாத நிலையில் உள்ளது. புகைப்படம் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.' பொருளைத் தாண்டி யாரும் படிக்கவில்லை. பொருளைப் படித்தாலே மனு விளங்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

தாளை அவளிடம் கொடுத்தேன். குடும்ப அட்டை வரியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடத்தில் கொல்லை விஷயத்துக்காக அவள் சிரித்தது அன்றுதான். அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. "முகம் தெளிவா இல்லையாமே. கண்ணு எவ்ளோ தெளிவா விழுந்திருந்தது" என்றாள். பிறகு படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஓணான் இருந்த துளையில் கண்ணை வைத்துக் கொல்லைப் பக்கம் பார்த்தாள், புடவை ஓட்டையில் பார்க்கிற மாதிரியே, மூச்சை அடக்கிக்கொண்டு.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"லாட்ஜ்காரன் தண்ணி டேங்க்" என்றாள்.

படத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் பேனாவைத் திறந்து, பழக்க தோஷத்தில், கடிதத்தின் இடது மூலையில் பெற்ற தேதியை எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். குஞ்சுகளுக்குத் தேவைப்பட்டது பதினைந்து நாள். மனு கொடுத்தது 1999 மார்ச் 23. பதில் பெறப்பட்டது 2002 ஏப்ரல் 11.