பாரைக்குக் கோத்த இரை

அவனுக்கு ஊசி என்று பேர் வந்ததே இரை கோக்கிற கையால்தான். உயிரோடிருக்கும் சின்னக் கானாங்கெளுத்தியின் முதுகில், துடுப்புக்குச் சற்று முன்னால், எலும்பைத் தொடாமல் தூண்டில் முள்ளை ஏற்றிவிடுவான். மாட்டிக்கொண்டதே தெரியாமல் அது பாட்டுக்கு நீந்தும். அப்படி நீந்துகிற இரையைக் கண்டால்தான் பாரை மீன் பாயும். "அந்தக் கை இல்லாம என் படகு கிளம்பாது" என்று மச்சான் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். கேட்பவர்களுக்கு அது பெருமை. அது பூட்டு என்று ஊசிக்கு மட்டும் தெரியும்.

மச்சான் அக்காவின் கணவர், படகும் அவருடையதுதான். பதினெட்டடி. ஏழு வருஷமாக முன்னால் மச்சானின் முதுகு, பின்னால் என்ஜின்காரரின் இருமல், நடுவில் இரை வாளியோடு ஊசி. காலை நீட்டினால் யாராவது ஒருவரை உதைக்க வேண்டும்.

ஐஸ் ஆலையில் மெஷின் பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். இன்று நாலு மணிக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்தவனுக்கு என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். முந்தின நாளே மச்சானிடம் சொன்னான். "அதுக்கென்ன, மத்தியானத்துக்குள்ள கரையில விட்டுடறேன். என் பொறுப்பு" என்றார்.

பத்து மணிக்குப் பாறைத்திட்டின் மேல் நங்கூரம் போட்டார்கள். மீன் கடிக்காவிட்டால் மச்சான் சலித்துப்போய்த் திரும்பிவிடுவார் என்று ஊசி கணக்குப் போட்டான். வேண்டுமென்றே முள்ளை வயிற்றோரம் கோணலாகக் குத்தினான். தண்ணீரில் விட்டதும் இரை பம்பரமாகச் சுற்றியது. சுற்றுகிற இரையைப் பாரை ஏறெடுத்தும் பார்க்காது.

பார்க்கவும் இல்லை. மணி ஒன்றானது.

"என்ன மாப்ளே, உன் கைக்கு என்ன கேடு வந்துச்சு?"

"மீனே இல்ல மச்சான். கிளம்பிடலாமே."

"வெறும் படகோடயா? உங்கக்கா என்னை வாசல்லயே நிக்க வெச்சுடுவா."

"மாப்ளைக்கு அவசரம் இருக்காதா?" என்றார் என்ஜின்காரர். "ஐஸ் ஆலையில போய்க் குளிர் காயணுமில்ல!"

மச்சான் சிரிக்கவில்லை. "ஒண்ணு. ஒரே ஒரு மீன் ஏறட்டும். அடுத்த நிமிஷம் நங்கூரத்தைத் தூக்கிடலாம்."

ஊசிக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மணி நேரமாக அவனும் அந்த இரையோடு சேர்ந்து ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். இழுத்து எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்து ஒழுங்காகக் கோத்தான். பத்து நிமிஷத்தில் தூண்டில் நரம்பு விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.

ஒரு மணி நேரம் இழுபறி. பாரை பாறைக்குள் புகப் பார்த்தது, விட்டுப் பிடித்தான். எந்த மீனும் தப்பிவிடக் கூடாதென்று அவன் இப்படித் தவித்ததில்லை. கடைசியில் பன்னிரண்டு கிலோ வெள்ளி படகுக்குள் விழுந்து வாலால் அடித்தது. மணி இரண்டேகால். கரைக்கு ஒன்றேகால் மணி நேரம். போதும்.

"கிளம்பலாம் மச்சான்."

மச்சான் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டின மீனைத் தொடர்ந்து வந்த பாரைகள் படகுக்கடியில் வட்டமடித்தன. பத்து, இருபது, எண்ண முடியவில்லை.

"அடேயப்பா! கூட்டத்தையே கூட்டிட்டு வந்திருக்கேடா!"

"ஒண்ணு ஏறினா கிளம்பலாம்னு சொன்னீங்க."

"சொன்னேன்பா, யாரு இல்லேன்னா? கீழ பாரு முதல்ல. ஐஸ் ஆலைக்கு என்ன, காலா முளைச்சிருக்கு ஓடிப்போக?"

ஊசி என்ஜின்காரரைப் பார்த்தான். ஸ்டார்ட் கயிற்றைப் பிடித்திருந்த கையை அவர் மெல்ல எடுத்துக்கொண்டார். கைபேசியில் சிக்னலும் இல்லை.

பொறுக்காமல் மச்சான் தானே ஒரு மீனை எடுத்துக் கோத்துவிட்டார். அது இரண்டு சுற்றுச் சுற்றிச் செத்து மல்லாந்தது. "பாத்தியா, என் கை லட்சணத்தை? வா மாப்ளே, வா."

கோணலாகக் கோத்தால் மீன் ஏறும்வரை இங்கே. நேராகக் கோத்தால் கூட்டம் தீரும்வரை இங்கே. ஊசி வாளிக்குள் கையை விட்டான். இரண்டு முறை வழுக்கி மூன்றாவது முறை பிடிபட்டது.

"சீக்கிரம்டா, கலைஞ்சிடப் போவுது!"

யோசிப்பதற்குள் விரல் துடுப்பைத் தடவி இடம் கண்டுவிட்டது. முள் சரியாக ஏறியது.