கள்ளக்குறிச்சியில் ஒரு பேனா மூடி

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒடித்துத் திரும்பியதில், கையிலிருந்த பேனா மூடி ஜன்னல் வழியாகப் பள்ளத்தில் விழுந்துவிட்டது.

நான் அப்போது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அந்தப் பேனா கல்லூரியில் படித்தபோது பழைய சாமான் கடையில் வாங்கியது. கறுப்பு உடம்பு, தங்க நிறத்தில் முள். தாளில் வைத்தால் தண்ணீர் மாதிரி ஓடும். மூடி இல்லாமல் மை காய்ந்துபோனது, சட்டையெல்லாம் கறையானது. புதுப் பேனா வாங்கியிருக்கலாம்தான். ஏனோ தோன்றவில்லை.

சனிக்கிழமைகளில் கீழே இறங்கி மூடி தேட ஆரம்பித்தேன். சின்னசேலத்தில் ஒரு கடையில் "பழைய பேனா மூடி, முள்ளு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் அத்தனையும் கடிகார முள். "முள்ளுதானே கேட்டீங்க?" என்று அவரும் விழித்தார், நானும் விழித்தேன்.

கள்ளக்குறிச்சியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பழைய சாமான் கடைக்காரர்தான் நம்பிக்கை கொடுத்தார். பேனாவை வாங்கி மூடி திருகும் மரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்க சார், எடுத்து வைக்கிறேன்" என்றார்.

அடுத்த வாரம் பஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது. அந்த வட்டாரத்தில் எண்ணிக்கை கூடிய சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியிருந்தார்கள். வடக்கனந்தல் தாண்டி ரோட்டின் குறுக்கே புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கேட்பது நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றியது. கிளைகளுக்குள் புகுந்து, பிஞ்சுப் புளியங்காய்களை மிதித்துக்கொண்டு மறுபக்கம் போனபோது அவ்வளவு உறுதியாக இல்லை. எங்கள் அறையில் கூடத் தங்கியிருந்த இன்னொரு வாத்தியார் அந்த வாரம் கீழே இறங்க மறுத்துவிட்டார். அவர் காலனிக்காரர்; மறியல்காரர்களுக்கும் காலனிக்கும் ஏற்கெனவே ஆகாது. "எதுக்கு வம்பு" என்றார்.

நடந்தே கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். பாதிப் பலகை சாத்தியிருந்தது. உள்ளே கடைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"அவரு இல்லிங்க. சின்னசேலம் போய்ட்டு வரேன்னு போனாரு. ஆளு வர்ல. போலீஸு புடிச்சிக்கினு போச்சுன்னு ஒருத்தன் சொல்றான். மலையில பித்தள வாங்கிக்கினு இருக்காருன்னு இன்னொருத்தன் சொல்றான். நீங்க மலையிலருந்துதானே வரீங்க, பாத்தீங்களா?"

"இல்லைங்க, பார்க்கலை."

"உங்களுக்கு இன்னா வேணும்?"

பேனாவைக் காட்டினேன். பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கி, சாக்கை விரித்துக் கொட்டினார். மூடிகள், கிளிப்புகள், மை உறிஞ்சும் ரப்பர் குமிழ்கள், எதன் பாகம் என்றே தெரியாத வளையங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, "நீங்க படிச்சவரு, இது இன்னா சொல்லுங்க" என்று கேட்டார். பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சொன்னதும் சந்தேகம்தான்.

நடுவில் இளைஞர்கள் சிலர் வந்து, "ஏம்மா, கடைய சாத்துன்னா சாத்த மாட்டியா?" என்று பலகையைத் தட்டினார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "நீ இன்னா ஆளு?" என்றான். என் கையில் மூடியில்லாத பேனா இருந்தது. "மூடி தேடறேன்" என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

சாக்கின் ஓரத்தில் ஒரு கறுப்பு மூடி கிடந்தது. கிளிப் வைத்தது, கொஞ்சம் நீளம். திருகினேன். பேனாவோடு பிறந்த மாதிரி போய் உட்கார்ந்தது. பணம் எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன்.

"விக்க மாட்டேங்க" என்றார் அந்தம்மா.

"கடை தெறந்துதானே வச்சிருக்கீங்க?"

"அவரு வந்தா தெறந்திருக்கணுமேன்னு தெறந்து வச்சிருக்கேன். அவரு வராம ஒரு சாமானும் கைமாறக்கூடாது. இன்னான்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல."

என் பேனாவிலிருந்து அவரே மூடியைத் திருகி எடுத்து டின்னில் போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. என்ன வந்தது என்றும் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் போனேன். ரோடு திறந்திருந்தால் பஸ்ஸில், இல்லாவிட்டால் நடந்து. மூடிக்காகப் போகிறேனா, கடைக்காரர் வந்தாரா என்று பார்க்கப் போகிறேனா என்பது எனக்கே பிடிபடவில்லை. மலையிலும் ஊர் ஊராக விசாரித்தேன். அப்படி ஓர் ஆளை யாரும் பார்த்திருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கடைக்காரரே உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. அந்தம்மா பின்னால் நின்று, அழுததா சிரித்ததா என்று தெரியாத முகத்தோடு பக்கத்துக் கடைப் பையனை எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார்.

"சாக்குல பழைய ரம்பம் ஒண்ணு வச்சிருந்தேன் சார்" என்றார் அவர். "ரோட்ல மரம் வெட்டிக் கெடக்குது. நான் ரம்பத்தோட நடந்து போய்க்கினு இருக்கேன். போலீஸு சும்மா வுடுமா? ஜெயிலுக்குள்ள இருந்த மறியல்காரங்க நம்ம ஆளுன்னு நெனச்சிக்கினு பீடி குடுத்தாங்க, சோத்துல ஜாஸ்தி பங்கு குடுத்தாங்க. இல்லிங்கன்னு சொல்ல பயம். வெளிய வுட்டப்ப எல்லாருக்கும் மாலை போட்டாங்க. எனக்கும் போட்டாங்க. கழட்டவும் பயம், போட்டுக்கினு வூட்டுக்கு வரவும் பயம்."

"ரம்பத்த இன்னாத்துக்கு வாங்கின நீ?" என்று அந்தம்மா கத்தினார். அது அன்றைக்குப் பல தடவை கேட்ட கேள்வி போலிருந்தது.

பேச்சை மாற்றத்தான் மூடியைப் பற்றிச் சொன்னேன். டின்னைத் திறந்து எடுத்துப் பார்த்தவர், "சார், இது பேனா மூடியே இல்ல. ஜொரம் பாக்கற குச்சிய வச்சிக்கிற குழாயோட மூடி" என்றார்.

"கிளிப்பு இருக்குதே?" என்றார் அந்தம்மா.

"டாக்டருங்க பாக்கெட்ல சொருவ வேணாமா?"

எத்தனையோ வாரம் ஆசைப்பட்டது ஒரு தெர்மாமீட்டர் மூடிக்கா என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் உண்மையான பேனா மூடிகளாகத் தேடித் தேடிக் கொடுத்தார். ஒன்றுக்கும் மரை பொருந்தவில்லை. கடைசியில் அந்த மூடியையே வாங்கிக்கொண்டேன்.

புறப்படும்போது சந்துவரை கூட வந்தார். குரலைத் தாழ்த்தி, "மாலை போட்டவங்க நாளைக்கு கூட்டத்துக்கு கூப்புடறாங்க சார். போவணுமா, வேணாமா?" என்றார்.

போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். போகாவிட்டால் என்ன ஆகுமோ என்றும் இருந்தது. "உங்க வீட்டம்மாவைக் கேளுங்க" என்றேன்.

"அவளக் கேட்டேன். உங்களக் கேக்கச் சொன்னா."

பிறகு அவர் கடைக்குத் திரும்பினார், நான் பஸ்ஸுக்குப் போனேன். கூட்டத்துக்குப் போனாரா என்று அடுத்த முறை கேட்டேன். போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, பாதியில் எழுந்து வந்துவிட்டாராம். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

மூடி இறுக்கமாக மூடியது. கொஞ்சம் ஜாஸ்தி இறுக்கம். காற்றுப் போக ஓட்டை இல்லாததால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மை பொங்கி விரலில் வழிந்தது. பிள்ளைகள் வருகைப் பதிவுக்கு முன்பே ஒரு துணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார்கள்.