டிக்கெட்டில் என் கணவர் பெயர்

உலகக் கிண்ணக் கிரிக்கெட்டை நேரில் பார்ப்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. சென்னை, பெங்களூரு, மும்பை என மூன்று ஊர்களில் மூன்று ஆட்டங்களைப் பார்க்கத் திட்டமிட்டோம். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, மலேசியாவில் கிள்ளானிலுள்ள எங்கள் வீட்டிலிருந்தபடி நானே விமான டிக்கெட்டுகளை எடுத்தேன். குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் கணவர் பெயரைப் போட்டேன்.

புறப்பட நான்கு நாள் இருந்தபோது, ஹோட்டல் பற்றி விசாரிக்க இருவரும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண முகவரிடம் போனோம். அங்கிருந்த பெண் என் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆன்டி, பாஸ்போர்ட்ல உங்க அப்பா பேருதானே இருக்கு. டிக்கெட்ல அங்கிள் பேரு போட்டிருக்கீங்க. இப்படியே போனா ஏத்த மாட்டாங்க லா.”

கணவரின் ஆசையை நானே கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது.

அவரோ, “இருபத்தஞ்சு வருஷமா என் பேர எதுலயும் சேர்க்கல. இதுல போய்ச் சேர்த்திருக்கியே” என்று சிரித்தார்.

அந்தப் பெண் விமான நிறுவனத்தை அழைத்துப் பேசி, மாலைக்குள் எல்லா டிக்கெட்டுகளிலும் பெயரைத் திருத்தித் தந்தார். மூன்று ஆட்டங்களையும் பார்த்தோம்.

இப்போதெல்லாம் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, அதில் உள்ளபடியே எழுத்து எழுத்தாகப் பெயரை நிரப்புகிறேன். கூச்சத்தை விட்டு, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகுதான் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துகிறேன்.