எண்ணெய்ப் போரும் நாலு பரப்பு வெங்காயமும்

அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் ஒருமுறை நான் போர் மூட்டியிருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. புத்தூரில், தலைகீழாக நிறுத்திய ஒரு சைக்கிளின் உதவியோடு, காலைக் கஞ்சிக்கு முன்னரே அந்தக் காரியத்தில் இறங்கிவிட்டேன். இரண்டு கண்டங்களிலும் ஒருவருக்கும் கீறல் விழவில்லை. என் வேலிக்கு அப்பால் நாலு பரப்பு நிலத்து வெங்காயம் செத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். போரினால் கொழும்புப் பாதை அடைபட்டிருந்த காலம். மின்சாரம் எப்போதோ போய்விட்டது. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சவர்க்காரம், சீமெந்து, பெற்றோல், நெருப்புப் பெட்டி என்று தடைப் பட்டியல் என் வகுப்புப் பெயர் இடாப்பைவிட நீளமாக இருந்தது. நான் வர்த்தக பாடம் படிப்பிக்கும் ஆசிரியர். இறக்குமதி வரி என்றால் என்ன, அது ஏன் விதிக்கப்படுகிறது என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். இறக்குமதி என்று எதையுமே காணாமல் வளரும் பிள்ளைகள் அதைக் கொப்பியில் பார்த்தெழுதுவார்கள். வரி என்பது பொருள் வந்தால் போடுவது. எங்களுக்குப் பொருளே வருவதில்லை. வருகிற கொஞ்சத்தில் வழிநெடுக யார் யார் எதை எடுத்துக்கொண்டார்கள், அதற்கு என்ன பெயர் என்றெல்லாம் வகுப்பில் விளக்குவது அன்று உடம்புக்கு நல்லதல்ல.

பள்ளிக்கூடத்தில் பாதி அகதி முகாமாகிவிட்டதால் எனக்குப் பாதி நேரமே வேலை. மீதி நேரத்துக்கு, நகரத்தில் ஒரு நாளேடு என்னை வெளிநாட்டுச் செய்தியாளராக வைத்திருந்தது. அதுவரை நான் கண்ட வெளிநாடு கொழும்பு ஒன்றுதான். வேலை இதுதான்: காலையில் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்துவது, பின்சில்லின் டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் கொடுப்பது, மனைவி பெடலைக் கையால் சுற்ற, நான் லண்டன் வானொலியின் ஆங்கிலச் செய்தியைக் கேட்டுக் குறிப்பெடுப்பது. பிறகு அதே சைக்கிளை நிமிர்த்தி ஓடிப்போய் அச்சகத்தில் கொடுப்பது. உலகம் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அங்கிருந்து நகரத்துக்குப் போனதும் அந்த இரண்டு சில்லுகளில்தான்.

அந்த ஆனி மாதம் உலகத்தில் ஒரு வரிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய அரசுகள் தங்கள் கமக்காரருக்கு எண்ணெய் வித்துப் பயிரிட உதவிப் பணம் கொடுத்தன. அதனால் தன் கமக்காரரின் சோயா விலைப்படவில்லை என்றது அமெரிக்கா. நிறுத்தாவிட்டால் உங்கள் வைனுக்கும் சீஸுக்கும் வரி போட்டுக் கொன்றுவிடுவேன் என்றது. நீ போட்டால் நானும் போடுவேன் என்றது ஐரோப்பா. முதல் வாரம் லண்டன் வானொலி இதை ‘முறுகல்’ என்று சொன்னது. அடுத்த வாரம் ‘மோதல்’. மூன்றாவது வாரம் ‘வர்த்தகப் போர்’. அறிவிப்பாளரின் குரலும் மெல்ல மெல்ல மரண அறிவித்தல் வாசிப்பவர் குரலாகிக்கொண்டு வந்தது. அவர்கள் வரிக்கு மேல் வரி ஏற்றுவோம் என்று வெருட்ட, வானொலிகள் சொல்லுக்கு மேல் சொல் ஏற்றின. எங்கள் தலைக்கு மேலே குண்டுவீச்சு விமானம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவர் சீஸின் விலையைப் போர் என்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம் வந்தது. முதல்முறையாக என் பாடத்தில் ஒரு செய்தி!

இனி வேலிக்கு அப்பால் இருந்தவரைச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்த தோட்டக்காரர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை மாஸ்ரர் என்பார். காங்கேசன்துறைப் பக்கம் இருந்த சொந்தக் காணியை விட்டு ஓடிவந்தபோது, மனைவி நகைப்பெட்டியைத் தூக்க, அவர் ஒரு சாக்கு விதை வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர். எடுக்கவேண்டியதை எடுத்தது யார் என்று அவர்கள் வீட்டில் இன்னும் வழக்கு நடந்தது. புத்தூரில் நாலு பரப்பைக் குத்தகைக்கு எடுத்து, அந்த விதையை இரண்டு போகம் பெருக்கியிருந்தார்.

“இந்தமுறை கிண்டினால் எட்டுப் பரப்புக்கு விதை வரும், மாஸ்ரர்” என்பார். “இது பட்டுதெண்டால் பிறகு என்ன? ஆரின்ரையோ தோட்டத்திலை கூலிக்குக் கொத்த வேண்டியதுதான்.”

“இன்னும் எத்தினை இறைப்பு, அண்ணை?”

“ஆறு. இறைக்கிற மிசின் கிடக்கு, கிணத்திலை தண்ணி கிடக்கு. எண்ணெய்தான் ஒவ்வொரு போத்தலாத் தேடி வாங்கவேணும்.”

இந்த ‘எண்ணெய்’ என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நல்லெண்ணெய்க்கு நல்லெண்ணெய் என்றும் தேங்காயெண்ணெய்க்குத் தேங்காயெண்ணெய் என்றும் முழுப் பெயர் சொல்லுவோம். வெறுமனே எண்ணெய் என்றால் அந்த நாட்களில் மண்ணெண்ணெய் ஒன்றுதான். விளக்கு எரிந்தது அதில், மோட்டார் சைக்கிள் ஓடியது அதில், தோட்டம் இறைத்தது அதில். இது எனக்குத் தெரியாததல்ல.

அன்று காலை மனைவி பெடலைச் சுற்ற, நான் காதை ரேடியோவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் போர் என்றார், எண்ணெய் என்றார். அத்தோடு ரேடியோ ஒரு முனகலோடு அடங்கியது. திரும்பிப் பார்த்தால் மனைவி எழுந்து குசினிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“இஞ்சாரும்! அங்கை போர் மூளுது, நீர் எங்கை போறீர்?”

“கஞ்சி பொங்குது. போர் கொஞ்சம் பொறுக்கும், கஞ்சி பொறுக்காது.”

“செய்தி முடியப்போகுது!”

நான் கத்திய கத்தலில் பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி சுற்றினார். செய்தி முடிவில் தலைப்புகளைத் திரும்ப வாசித்தபோது தெளிவாகக் கேட்டேன்: எண்ணெய் வித்து. இரண்டு சொல்லையும் குறிப்புக் கொப்பியில் எழுதினேன். பிறகு எத்தனையோ தரம் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வித்து இல்லை என்று சாதிக்க வழியே கிடையாது, அத்தனை குண்டு எழுத்து.

அச்சகத்தில் அன்று கடதாசி இன்னும் சுருங்கியிருந்தது. கோடு போட்ட கொப்பித் தாளில்தான் பத்திரிகை வந்துகொண்டிருந்தது, அதிலும் பாதி. நான் கொண்டுபோன தலைப்பு ‘எண்ணெய் வித்து: அமெரிக்கா, ஐரோப்பா இடையே வர்த்தகப் போர் மூளும் அபாயம்’. அச்சுக் கோப்பவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“மாஸ்ரர், உதைப் பெரிய எழுத்திலை கோத்தால் செய்தி மற்றப் பக்கத்துக்குத்தான் போகும். நாலைஞ்சு சொல்லைக் கழட்டுங்கோ.”

கழற்றினேன். அபாயம் போனது. வர்த்தகம் போனது. இன்னும் ஒரு சொல் மிஞ்சியது. பேனையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தேன். ‘வித்து’ என்பதை எடுத்ததும் தலைப்புக்கு ஒரு கம்பீரம் வந்தது: ‘அமெரிக்கா – ஐரோப்பா எண்ணெய்ப் போர் மூளும்!’ அந்த ஆச்சரியக்குறி கூட இடம் பிடிக்கும் என்று அவர் சொன்னார். அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பத்திரிகையின் ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “வித்தை எடுத்தால் எண்ணெய் வேறை எண்ணெயாப் போகாதோ, மாஸ்ரர்?”

“கீழை விபரம் கிடக்கெல்லே? சனம் வாசிச்சு விளங்கும்.”

பன்னிரண்டு வருடம் சந்தையைப் பற்றிப் பாடம் நடத்திய ஒருவன் சொன்ன வாக்கியம் அது.

மறுநாள் பத்து மணிபோல் அச்சுவேலிச் சந்தைப் பக்கம் போனேன். வழக்கமாகத் தெருவோரத்தில் மேசை போட்டு எண்ணெய்ப் போத்தல்களை அடுக்கி வைத்திருப்பவர்கள் மேசையோடு காணாமல் போயிருந்தார்கள். ஒரு கடை வாசலில் ஏழெட்டுப் பேர் வெறும் போத்தல்களோடு நின்றார்கள்.

“எண்ணெயோ? பேப்பர் பாக்கேல்லையே?” என்றார் கடைக்காரர். “அமெரிக்காக்காரனும் மற்றவங்களும் எண்ணெய்க்கு அடிபடப்போறாங்களாம்.”

“அவங்களுக்கே இல்லையெண்டால் எங்களுக்கு ஆர் தரப்போறான்!” என்றார் ஒரு கிழவர்.

நான் உள்ளே புகுந்தேன். “அது மண்ணெண்ணெய் இல்லை. வித்து. சோயா, சூரியகாந்தி.”

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மாஸ்ரர், உதை நீங்கள்தானே எழுதினது?”

“ஓம்.”

“அப்ப எழுதினது பொய்யோ, இப்ப சொல்லுறது பொய்யோ?”

“கீழை விபரம் கிடக்கு” என்றேன்.

“எழுதினதைத்தான் நான் நம்புவன்” என்றார் அவர். “அது பெரிய எழுத்திலை கிடக்கு.”

அடுத்த நாள் பத்திரிகையில் ஒரு திருத்தம் போட்டோம். தொலைந்துபோன அடையாள அட்டை விளம்பரத்துக்கும் அந்தியேட்டிக் கிரியை அழைப்புக்கும் நடுவில், இரண்டு வரி, பொடி எழுத்து. அதை வாசித்தவர் நான் அறிய ஒருவர். அது நான்.

அன்று பின்னேரம் அண்ணை வெறும் எண்ணெய்க் கானோடு, வேலியில் ஆள் நுழையும் இடைவெளியான பொட்டுக்கு வந்தார். அச்சுவேலி, நீர்வேலி, சுன்னாகம் வரை சைக்கிளில் போய்த் திரும்பியிருந்தார்.

“மாஸ்ரர், உந்தச் சண்டை எத்தினை நாள் இழுக்கும்? உங்களுக்குத்தானே தெரியும்.”

முதலில் சோயாவைப் பற்றிச் சொன்னேன். பிறகு வைன். பிறகு சீஸ். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப அதுக்கும் எங்கடை எண்ணெய்க்கும் என்ன?”

“ஒண்டும் இல்லை, அண்ணை.”

“பிறகேன் சனம் பதுக்குது?”

சொல்லிவிட்டேன். தலைப்பு, பெரிய எழுத்து, இடம், கழற்றிய சொல் எல்லாம். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். அவர் கானை மற்றக் கைக்கு மாற்றினார்.

“வித்தெண்ட சொல்லு எவ்வளவு இடம் பிடிக்கும்?”

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இடைவெளி விட்டுக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் இரண்டு போத்தல் எண்ணெய் இருந்தது. மனைவி இரண்டையும் எடுத்துத் தந்தார். ஜாம் போத்தல் விளக்குக்கு என்று ஒரு சொட்டுக்கூட வைக்கவில்லை. மிசின் இருமி இருமி ஒரு பரப்பு இறைத்துவிட்டு நின்றது. அதன்பின் வாளி. அண்ணை அள்ளித் தர, அவர் மனைவியும் நானும் சுமந்து ஊற்றினோம். அந்தச் செம்மண் ஒரு வாளித் தண்ணீரை, ஊற்றியவன் திரும்பிப் பார்க்கும் முன் குடித்துவிட்டு வெறும் நிலம்போலக் கிடக்கும். மூன்றாம் நாள் விமானம் வந்தது. மூவரும் வாய்க்காலில் குப்புறப் படுத்தோம். குண்டு வேறெங்கோ விழுந்தது. எழும்பியபோது அண்ணை முதலில் பார்த்தது வாளியை. அது கவிழ்ந்து கிடந்தது.

ஐந்தாம் நாள் என் உள்ளங்கை கிழிந்து, நான் கரும்பலகைக்குத் திரும்பினேன். அவர்கள் இருவரும் பிறகும் சுமந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் தெருவோர மேசைகள் திரும்பி வந்தன. அதே மேசைகள், அதே போத்தல்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அதற்கிடையில் ஒன்றும் நடந்திருக்கவில்லை. அண்ணையின் தோட்டத்தில் வெங்காயத் தாள் எல்லாம் மஞ்சளாகிச் சரிந்து கிடந்தது. கிண்டிப் பார்த்தார். கச்சான் கடலைப் பருப்பளவு. விதைக்குப் பொறுக்கினால் ஒரு பரப்புக்கும் காணாது. பொறுக்கினார், கட்டிக் கூரையில் தொங்கவிட்டார், மழைக்கு முன் அதிலும் பாதி அழுகியது. அடுத்த போகத்துக்கு அவர் உரும்பிராயில் ஒருவருடைய தோட்டத்துக்குக் கொத்தப் போனார். விடிய முன்னமே போய்விடுவார். வேலிப் பொட்டில் நின்று உலகத்தை விசாரிக்க அவருக்கு நேரம் இல்லை. மனமும் இல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பொட்டை யாரோ தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்துவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை மழையோடு லண்டன் வானொலி புதுக் குரலில் பேசியது. பேச்சுவார்த்தை முடிந்ததாம்; வைனுக்கு வரி இல்லையாம்; இரு தரப்புக்கும் திருப்தியாம். போர் என்று அலறிய அதே வாய் அதை ‘கருத்து வேறுபாடு’ என்று சொல்லி மூடியது. நான் விடவில்லை. ‘எண்ணெய் வித்துத் தகராறு தீர்ந்தது’ என்று தலைப்புப் போட்டு, வித்தை விட்டால் செய்தியே தரமாட்டேன் என்று அச்சகத்தில் சண்டை பிடித்து, பெரிய எழுத்தில் வரவைத்தேன். ஒரு பிரதியைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். என்னத்தை எதிர்பார்த்து நீட்டினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அவர் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கி, தலைப்பை ஒருதரம் வாசித்தார்.

“அண்டைக்கும் இந்தச் சொல்லு உங்களுக்குக் கேக்கவேணுமெண்டுதானே கஞ்சியை விட்டிட்டு வந்து சுத்தினனான்” என்றார். “கஞ்சியும் அடிப்பிடிச்சுது.”