எண்ணெய்க்காரன் போட்ட சென்ட்

கல்யாண வீட்டுக்கு ஓர் ஆண் சென்ட் போட்டுக்கொண்டு வந்தால் எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டு வந்தால் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். நான் செவ்வாய்க்கிழமையும் போடுகிறவன். அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று போன வருஷம் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். ஐந்தருவிக்குப் போகிற சாலையில், ஒரு விடுதிக்குப் பின்பக்கம் தகரக் கொட்டகை. அருவியில் எண்ணெயோடு குளிக்கக் கூடாது என்று ஆன பிறகு, இங்கேயே தேய்த்து, தொட்டித் தண்ணீரில் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஆட்களை அருவிக்கு அனுப்புகிறோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதில் பாதி மனுஷர்களின் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. மீதிப் பாதி அவர்கள் மேல் வருகிற வாசனை.

சட்டையைக் கழற்றும்போது அது வரும். காரில் வந்து இறங்குகிறவர்களிடம் மெல்லிசாக, எலுமிச்சை இலையைக் கசக்கினதுபோல ஒன்று. கல்லூரிப் பையன்கள் மேல் பாட்டில் பாட்டிலாக அடித்துக்கொண்ட ஸ்பிரே, தொண்டையைக் கரிக்கும். லீவில் வருகிற பட்டாளத்துக்காரர்கள் கன்னத்தில் மட்டும் போட்டிருப்பார்கள். காது மடலின் மடிப்பில் அத்தர் நனைத்த பஞ்சை வைத்திருக்கிற பெரியவர்கள் அதைப் பத்திரமாக எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துவிட்டுத்தான் என் முன்னால் உட்காருவார்கள். அந்தப் பஞ்சுக்காரர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். பக்கத்தில் வந்தால்தான் தெரியும், தள்ளிப் போனால் தெரியாது. சென்ட் என்றால் அவ்வளவுதான் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தலையில் எண்ணெய் விழுந்ததும் எல்லா வாசனையும் போய்விடும். பிறகு எல்லோரும் ஒரே வாசனைதான்.

அவர்களுக்கு அது அரைமணி நேரம். எனக்கு அது எப்போதும். நல்லெண்ணெய் உள்ளங்கை ரேகைக்குள் இறங்கிவிட்டால் சீயக்காய்க்கும் போகாது, சோப்புக்கும் போகாது. சாயங்காலம் தென்காசி பஸ்ஸில் ஏறினால் என் பக்கத்து இடம்தான் கடைசியில் நிறையும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஜன்னலைத் திறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச வாய் வராது. வந்தாலும் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவேன். இதோடு எண்ணெய் வாடையும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? தென்காசி பஜாரில் ஓர் அத்தர் கடை. ஒருநாள் உள்ளே போய், எது வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். கடைக்காரர் என் கையைப் பிடித்துப் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். சந்தனம். அன்று பஸ்ஸில் ஒருவர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, கோயிலுக்குப் போயிட்டு வாரீயளோ?" என்றார். நான் தலையை ஆட்டினேன். யாரோ தெரியாதவர் என்னிடம் தானாகப் பேச்சுக் கொடுத்தது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதிலிருந்து தினமும் போடுகிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாள் முழுக்க எண்ணெய்க்குள்ளேயே இருக்கிறவனுக்குத் தன் மேல் இருக்கிற வாசனை தெரியாது. அடுத்தவர் மேல் இருப்பது தெரியும், என்மேல் இருப்பதற்கு மூக்கு மரத்துவிட்டது. எவ்வளவு போட்டாலும் போடாததுபோலவே இருக்கும். அதனால் அளவு சொல்வது என் மனைவி. வெளியே கிளம்பும்போது அவள் முன்னால் போய் நிற்பேன். "போதும்" என்பாள். சில நாள், "போயி கழுவிட்டு வாங்க" என்பாள். எங்களுக்குள் இது கல்யாணமான புதிதிலிருந்து நடக்கிறது.

போன வைகாசியில் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வாசுதேவநல்லூர்க்காரர்கள். நெல் விவசாயம். பையன் போலீஸில் இருக்கிறான். என் மகள் தென்காசியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. வாசுதேவநல்லூர் பஸ் எந்த ஸ்டாண்டில் நிற்கும் என்று அவள் அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள்.

அவர்கள் வருகிற அன்று நான் தொழிலுக்குப் போகவில்லை. காலையிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். முகத்துக்கும் சீயக்காய்ப் பொடி. அது கண்ணில் விழுந்து எரிந்தது. காது மடலில் அத்தர் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் என்னிடம் வருகிற ஒரு பட்டாளத்துக்காரர் அதற்கு முந்தின சாரல் சீசனில் அன்பாகக் கொடுத்த பாட்டில் ஒன்று அலமாரியில் இருந்தது. அதைச் சட்டையில் அடித்தேன். அப்போதும் தெரியவில்லை. மறுபடியும் மறுபடியும் அடித்தேன். மனைவி முன்னால் போய் நிற்கலாம் என்று போனால், அவள் புகைக்குள் நின்று கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் அங்கே நின்றார்கள். அவர்கள் முன்னால் போய் மோந்து பார் என்று நிற்க முடியுமா? திரும்பி வந்துவிட்டேன்.

பையனின் அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பெரிய மீசை, குறைந்த பேச்சு. எண்ணெய் வாடை அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவர் ஏதோ கேட்டபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னேன். பிறகு எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பெண்ணைப் பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், "சொல்லி அனுப்புதோம்" என்றுவிட்டுப் போனார்கள்.

ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. ஆனி பிறந்து, மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழ ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி வந்தான். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவன்தான். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அத்தான், ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. அன்னைக்கு நீங்க ஏதும் சாப்பிட்டிருந்தியளா?"

"கேசரி ரெண்டு வாய்."

"அதில்ல அத்தான்."

அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள். "ஏலே, என்னத்தக் கேக்க?"

"நான் கேக்கலக்கா, அவுக கேக்காவ. பொண்ணுக்கு அப்பா பட்டப்பகல்லயே தண்ணி போட்டுட்டு, மறைக்கதுக்கு சென்ட்ட அடிச்சுட்டு உக்காந்திருந்தாருன்னு பேசிக்கிடுதாவ."

அவள் முதலில் சிரித்துவிட்டாள். "இவரா? சோடா குடிச்சாலே இவருக்குக் கண்ணுல தண்ணி வந்துரும்."

"கண்ணு செவந்து கெடந்துச்சாம். பேசும்போது வாயப் பொத்துனாராம். கிட்ட உக்காராம எந்திரிச்சுப் போனாராம். இதுக்கு மேல என்ன வேணும்னு கேக்காவ. நான் என்ன சொல்ல? வேணும்னா நேர்ல போயி சத்தியம் பண்ணிட்டு வாரேன்."

"நீ போனேன்னா, நீயும் சேந்து குடிக்கவன்னு சொல்லுவாவ. பேசாம இரு."

சிரிப்பு அதோடு நின்றுபோனது. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "அப்பாவ யாரும் ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்றாள். "அவுகளுக்கு வேண்டாம்னா நமக்கும் வேண்டாம்." அலமாரியில் இருந்த அந்தப் பாட்டிலை எடுத்து, பரண்மேல் பழைய பெட்டிக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். அதற்குப் பிறகு அவள் வாசுதேவநல்லூர் பஸ்ஸைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

நான் குடிக்கிறவன் இல்லை என்று எப்படிச் சொல்வது? குடிக்கிறவனும் அதையேதான் சொல்வான். நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனால் அதுவே சந்தேகம். பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் நிற்கலாம் என்று நினைப்பேன். நின்றால் வாய் வராது, கை தானாக வாய்க்குப் போகும். மறுபடியும் அதே கதைதான். என்னால் முடிந்தது ஒன்றுதான். சென்ட்டை விட்டேன். அத்தரையும் விட்டேன். பஸ்ஸில் ஜன்னல்கள் மறுபடியும் திறந்தன.

பத்திருபது நாள் போயிருக்கும். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு காலை, கூட்டம் வருவதற்கு முன்னால், கொட்டகை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் நின்றார். அதே மீசை. தோளில் துண்டு. வாசுதேவநல்லூரிலிருந்து அந்த நேரத்துக்கு வர வேண்டும் என்றால் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும்.

"எண்ணெ தேய்க்கணும்" என்றார்.

சம்பந்தம் பேசின வீட்டுப் பெரியவர். அவர் என் முன்னால் வெற்றுடம்போடு முக்காலியில் உட்காருவதா? அவருக்கும் அழகில்லை, எனக்கும் அழகில்லை. என்னோடு வேலை பார்க்கிறவன் நிலைமையைப் புரிந்துகொண்டு, "அண்ணாச்சி, நான் தேய்க்கேன், இங்கன வாங்க" என்றான்.

"இல்ல, அவுகளே தேய்க்கட்டும்" என்று சட்டையைக் கழற்றினார். சட்டையில் ஒரு வாசனையும் இல்லை. வெயிலும் வைக்கோலும்தான்.

தலையில் எண்ணெய் வைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது, தலையில் எண்ணெய் வைத்து விரலை ஓட்டினால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். போலீஸ்காரர்கள், வக்கீல்கள், குழந்தைகள், எல்லோரும்தான். இவர் மூடவில்லை. நான் குனிந்து நெற்றிப் பொட்டில் தேய்க்கும்போது என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, திறந்த கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கு லேசாக அசைந்தது. அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. தள்ளிப் போக முடியாது. இரண்டு கையிலும் எண்ணெய், வாயைப் பொத்தவும் முடியாது. அப்படியே தேய்த்தேன்.

அவராகவே பேசினார். "எனக்கு ஒரு தம்பி இருந்தான். குடிச்சே செத்தான். அவன் சட்டையில எப்பவும் சென்ட் மணக்கும். ராத்திரி அந்த வாசன தெரு முக்குல வரும்போதே, அவன் கட்டுன பொண்ணு பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு ஓடியாந்துரும். இப்பவும் சென்ட் வாசன வந்தா, எங்க வீட்டுப் பொம்பளையளுக்குக் கண்ணு வாசலுக்குத்தான் போகும்."

அவர்கள் எங்களைக் குறைவாக நினைத்தார்கள் என்றுதான் அதுவரைக்கும் எண்ணியிருந்தேன். எனக்கு ஒருவர் தானாகப் பேச்சுக் கொடுக்கக் காரணமாக இருந்த வாசனை, அந்த வீட்டில் ஒரு பெண்ணை ராத்திரியில் ஓட வைத்திருக்கிறது. அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

"எனக்கு எண்ணெ வாடை" என்றேன். ஆரம்பித்துவிட்டேன், அதனால் நிறுத்த முடியவில்லை. "அது அடுத்தவுகளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் போடுதது. என் மேல உள்ளது எனக்குத் தெரியாது, மூக்கு மரத்துப் போச்சு. அளவு சொல்லுதது வீட்டுல அவதான். அன்னைக்கு அவ கேசரி கிண்டிக்கிட்டு நின்னா. கேக்க முடியல. பாதிப் பாட்டில அடிச்சுட்டேன்."

"கண்ணு?"

"சீயக்கா விழுந்துட்டு."

தகரத்தின்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் உச்சியில் மறுபடியும் விரலை ஓட்டினேன். அப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதுகுல இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ங்க" என்றார்.

சாயங்காலம் வீட்டில் சொன்னதும் என் மனைவி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னாரு?"

"முதுகுல அழுத்தித் தேய்க்கச் சொன்னாரு."

"பொண்ணப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல. கண்ண மூடிக்கிட்டாரு."

"கண்ண மூடுனா என்ன அர்த்தம்? அவரு தூங்குதாருன்னு அர்த்தம். ஒரு வார்த்த கேக்க மாட்டியளா? உங்களக் கெட்டிக்கிட்டு..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். மகள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், மாமாவிடமிருந்து போன் வருகிறதா என்று பார்க்கிறவள்போல, போனை எடுத்து வைத்துக்கொண்டாள். அது மறுநாள்தான் அடித்தது.

ஆவணியில் நிச்சயம். தென்காசியில் ஒரு சின்ன மண்டபம். காலையில் குளித்துவிட்டு வெறும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெட்டிக்குப் பின்னால் இருந்த பாட்டிலை யாரும் எடுக்கவில்லை. மண்டபத்தில் எனக்கு ஓர் ஓர நாற்காலி போதும் என்று பார்த்தேன். சம்பந்தி விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். இரண்டு வீட்டு ஆட்களும் எதிரே இருந்தார்கள். அவர் என் தோள் பக்கமாகச் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி மோந்து பார்த்தார்.

"என்ன சம்பந்தி, இன்னைக்கு ஒண்ணும் போடலையோ?"

"இல்ல."

"அதான் பாத்தேன். வடை சட்டிக்குப் பக்கத்துல உக்காந்த மாதிரில்லா இருக்கு. கொஞ்சூண்டு போட்டுட்டு வந்திருக்கலாம்லா?"

மண்டபமே சிரித்தது. பையனின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் முகத்துக்கு நேராக, வாயைப் பொத்தாமல், சத்தமாகச் சிரித்தேன்.