அக்காவிடம் மிஞ்சிய பெயர்

எங்கள் அக்காவின் குரலைக் கேட்காமல் எங்கள் ஊரிலிருந்து யாரும் வெளியூர் போனதில்லை. பேருந்து நிலையத்தில் அவள் அறிவிப்பாளர். ஒரு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் ஒரு மைக்கும் வைத்தால் நிறைந்துவிடும் கண்ணாடி அறை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு ஊரையே கிளப்பி அனுப்புவாள். முதலில் நகத்தால் மைக்கை இரண்டு தட்டு தட்டுவாள். பிறகு எந்தப் பெயரானாலும் இரண்டு தடவை சொல்வாள், இரண்டாவதைக் கொஞ்சம் இழுத்து.

"எதுக்குக்கா ரெண்டு தடவை? அவங்களுக்கெல்லாம் காது என்ன செவிடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் தடவை சும்மா எல்லார் காதுலயும் விழும்டி. ரெண்டாவது தடவைதான் யாருக்குப் போகணுமோ அவங்களுக்குப் போய்ச் சேரும்."

வீட்டில் இந்தச் சலுகை கிடையாது. ஒரு தடவைதான் கூப்பிடுவாள். வராவிட்டால் முதுகில் ஒன்று விழும்.

அவள் என்னைக் கூப்பிட்ட பெயர் சிட்டு. அவளே வைத்தது. நான் பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தேனாம். என் நிஜப் பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க நிலையத்துக்குப் போனேன். போனவள் பத்திரிகைக் கடையில் ஓசியில் படித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அக்காவுக்கு வேலை முடிகிற நேரம். தேடிப் பார்த்துப் பொறுமை போய், மைக்கைத் தட்டிவிட்டாள். "சிட்டு கவனத்திற்கு... சிட்டு கவனத்திற்கு... எங்கிருந்தாலும் உடனே அறிவிப்பாளர் அறைக்கு வரவும்!"

வீட்டுப் பெயரை ஊருக்கே ஒலிபரப்புகிறோம் என்கிற நினைப்பே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடி அறை வாசலில் ஒரு கூட்டம். கைக்குழந்தையோடு ஒரு பெண்; குழந்தைதான் சிட்டு. பார்சல் வேன்காரர் ஒருவர்; வேனின் நெற்றியில் சிட்டு என்று எழுதியிருக்கிறதாம், வண்டியை எடுக்கச் சொன்னீர்களா என்று சண்டைக்கு நின்றார். நாய்க்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு சிறுமி. எல்லோருக்கும் பின்னால் முறுக்கு மீசையோடு ஓர் ஓட்டுநர், ஆறடி உயரம்.

"நீங்களுமா சிட்டு?" என்றாள் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எங்கம்மா கூப்பிடற பேருங்க. அவங்க போனதுக்கப்புறம் யாரும் கூப்பிட்டதில்ல. அதான், யாருன்னு பாக்கலாம்னு ஓடி வந்தேன்."

அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. அவருக்குத் தன் தேநீரைக் கொடுத்து உட்காரவைத்தாள். மேலதிகாரி வந்து வாங்கு வாங்கென்று வாங்கியது தனிக்கதை.

அந்த அக்காவுக்குத்தான் போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. பேச்சும் போனது. பிறகு ஒரு காலையில் அக்காவின் கணவர், எங்கள் மாமா, தொலைபேசியில் அழுதார். "உங்கக்கா பேசிட்டாம்மா! உன் பேரைத்தான் சொன்னா!"

விழுந்தடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா என்னைப் பார்த்து, "சிட்டு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நான் கண்ணைத் துடைப்பதற்குள் தண்ணீர்க் குடுவையைக் காட்டி "சிட்டு" என்றாள். நர்ஸ் வந்தாள், அவளும் சிட்டு. மாமா சிட்டு. கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பும் சிட்டு.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சிலருக்கு ஒரே ஒரு வார்த்தைதாங்க தங்கும். எதைச் சொல்ல வந்தாலும் அதுதான் வாயில வரும்."

"அப்போ என்னைப் பார்த்துச் சொன்னது?"

"தெரியலைங்க."

அந்தப் பதில் என்னை அரித்தது. அவளுக்கு என்னைத் தெரிகிறதா, இல்லையா? ஆயிரம் ஊர்ப் பெயர் உருண்ட வாயில் என் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பெருமைப்படுவதா, செருப்பும் நானும் ஒன்றாகிவிட்டோமே என்று அழுவதா? மாமா இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே இது பசி, இது புழுக்கம் என்று சொல்லிவிடுவார். எனக்கு அந்த வித்தை வரவில்லை. அக்கா எதையும் ஒரே தடவைதான் சொல்வாள். அதற்குமேல் அவளுக்குத் தெம்பு இல்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போன வாரம் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கும்போது பொறுக்காமல் கேட்டே விட்டேன். "அக்கா, நான் யாருக்கா?"

அவள் டம்ளரைப் பார்த்து, "சிட்டு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "டம்ளருக்கே வச்சுக்கோ அந்தப் பேரை!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உடம்புக்கு முடியாதவளிடம் கோபம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று மாமா முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும் என்று நடந்தேன். தெருமுனையில் என் பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது.

வாசல் கதவைத் தாண்டவில்லை, பின்னால் டொக் டொக் என்று சத்தம். ஜன்னலில் அக்கா. இடது கை நகத்தால் கம்பியைத் தட்டியிருந்தாள். பக்கத்தில் நான் மறந்துவிட்ட குடை தொங்கியது.

"சிட்டு," என்றாள்.

நான் நின்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். நெற்றி வேர்த்து, கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு கொஞ்சம் இழுத்து, இன்னொரு தடவை சொன்னாள்.

"சிட்டூ..."

பேருந்து வந்து நின்றது. நான் திரும்பி அக்கா வீட்டைப் பார்த்து ஓடினேன்.