சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள்

என் மகனின் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பலருக்கு அவன் யாரென்றே தெரியாது. யாரோ தீயில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், காப்பாற்றலாம் என்று ஓடிவந்தவர்கள் அவர்கள். மற்றவர்களுக்கெல்லாம் அப்போதே கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டேன். கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தவர்களுக்குச் சொன்னேன், சபையாருக்குச் சொன்னேன், பந்தல் போட்டவருக்குக்கூடச் சொன்னேன். இவர்களுக்குச் சொல்ல வாய்க்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சிவகாசிப் பக்கம் நர்ஸ் என்றால் தீக்காய வார்டைத் தவிர்க்க முடியாது. என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி அங்கேதான் போயிற்று. கொஞ்சம் வாய்த்துடுக்கு என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அந்த வார்டில் அது இல்லாமல் காலம் தள்ள முடியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டாசு ஆலையில் யாராவது இறந்துபோனால், அவரோடு வேலை பார்த்து உயிர் தப்பியவர் யாராவது ஒருவர் வந்து, இறந்தவரின் அம்மா முன்னால் உட்கார்ந்து கடைசி நேரத்தைச் சொல்ல வேண்டும். காலையில் என்ன பேசினார், பக்கத்தில் யார் இருந்தார், எப்படி நடந்தது. மண் போடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். கையில் கட்டோடு படுத்திருப்பவர்கள்கூட, "சிஸ்டர், ஒரு மணி நேரம் விடுங்க, அவுக வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துருதேன்" என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். டாக்டருக்குத் தெரியாமல் அனுப்பியும் இருக்கிறேன். போய்ச் சொல்லிவிட்டு வந்தவர்கள் அன்று ராத்திரி ஊசி போடாமலே தூங்குவார்கள்.

என் மகன் ராணுவத்தில் சேர்ந்தது அவன் ஆசைப்பட்டுத்தான். கல்லூரி முடித்த கையோடு தேர்வுக்குப் போனான், உடம்பை அப்படி வைத்திருந்தான், எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம் பார்த்துப் போன் செய்வான். "பிரசங்கம் எப்படிம்மா?" என்பான். "நீளம்" என்பேன். அந்தப் பக்கம் சிரிப்பான். போன வாரமும் இதையேதான் சொன்னேன் என்பது இருவருக்கும் தெரியும். வடக்கே மலைமேல், வருஷத்தில் பாதி பனி மூடிக்கிடக்கும் இடத்தில் அவனைப் போட்டிருந்தார்கள். பனிச்சரிவில் போய்விட்டான் என்று ஒரு காலை நேரத்தில் தகவல் வந்தது. அப்போது அடுப்பில் பால் வைத்திருந்தேன். பால் பொங்கி வழிந்தது என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

அச்சகங்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? உடல் மதுரை விமான நிலையத்தில் இறங்குவதற்குள் சுவரெல்லாம் போஸ்டர் வந்துவிட்டது. அதில் அவன் மீசையை அச்சகத்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டிருந்தார்கள். "இது எம்புள்ள மீசையே இல்ல" என்று தெருவில் நின்று சத்தம் போட்டேன். என் கணவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர், அதிர்ந்து பேசாதவர். அவர்தான் என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். என் மகன் அந்த மீசையைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அது நினைவுக்கு வந்ததும் எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது.

பெட்டியைத் திறந்து முகத்தைக் காட்டினார்கள். ஒரு கீறல் இல்லை. பனி அவனை அப்படியே வைத்திருந்தது. எத்தனையோ தாய்மார்களிடம், "முகத்தைப் பாக்க வேண்டாம் தாயி, மனசுல இருக்கிற முகமே போதும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள் நான். எனக்கு என் பிள்ளை முகம் முழுசாகக் கிடைத்தது. அவன் நெற்றியில் கைவைத்து, கர்த்தருக்கு நன்றி சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்கள் அந்த வார்டைப் பார்த்ததில்லை.

பெட்டியோடு ஓர் அதிகாரியும் சில வீரர்களும் வந்திருந்தார்கள். அதில் ஒருவருக்கு இரண்டு கை விரல்களிலும் கட்டு, கன்னத்தில் தோல் உரிந்து கறுத்திருந்தது. பனிக்கடி. அவர் என் மகனோடு இருந்தவர் என்று அந்தக் கட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி நேரத்தைச் சொல்ல வேண்டியவர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

எங்களுக்கு இந்தி தெரியாது. என் தம்பி லாரி டிரைவர், சீசனில் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய் வருகிறவன். அவனுடைய இந்தி டோல்கேட்டிலும் தாபாவிலும் கற்ற இந்தி. வசவு சரளமாக வரும், ஆறுதல் சொல்ல வராது. அவனை விட்டுத்தான் கேட்டேன், "கடைசியா அவன் பக்கத்துல யாரு இருந்தா?" என்று.

அதிகாரி பதில் சொன்னார். நல்ல மனிதர். எல்லாரும் இருந்தார்கள், அவன் எல்லாருக்கும் பிடித்தமானவன், கடமையில் உயிர் கொடுத்தான் என்றார். நான் கட்டுப் போட்டிருந்தவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தம்பி அவர் அருகில் போய் மறுபடி கேட்டான். 

"விட்டுரு, அக்கா. அவருக்கு வாயே வரல" என்றான் தம்பி.

எப்படி விடுவது? சாயங்காலம் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் என் பிள்ளைக்கு மண் போட்டுவிடுவோம். எங்கள் பக்கத்தில் தீயில் கருகிப்போன பிள்ளையின் அம்மாவுக்குக்கூடக் கிடைத்த அந்தப் பேச்சு எனக்குக் கிடைக்காமல் போகிறதே. தனியாகச் செத்தானோ, யாரையாவது கூப்பிட்டானோ, என்னைத் தேடினானோ என்று ஒவ்வொன்றாக மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

கல்லறைத் தோட்டம் எங்கள் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கேதான் இருந்தார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டாசுக் கம்பெனிகளுக்கு வெளியூர்களிலிருந்து வேனில் ஆட்கள் வருவார்கள். இன்றைக்கு இங்கே துப்பாக்கி மரியாதை உண்டு என்று அவர்களுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். எங்கள் சபை ஐயர் ஜெபம் முடித்தார். துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து வெடித்தன, நிறுத்தி மறுபடி, நிறுத்தி மறுபடி. எங்களுக்குப் பட்டாசைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் தெரியும், பழகிய காது. இது அப்படியில்லை. ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்கும் அதற்கடுத்த அறைக்கும் தாவினால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. அங்கே நின்ற நானே ஒரு கணம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்மாய்க்கரை மேலே ஆட்கள் தெரிந்தார்கள். பெண்கள்தான் அதிகம். வேலை பார்த்த கோலத்திலேயே ஓடிவந்தார்கள். முழங்கை வரை அலுமினியப் பொடி, முகத்தில் பொடி, காலில் செருப்பு இல்லை. சிலர் நனைத்த சாக்கைக் கையில் பிடித்திருந்தார்கள், ஒருத்தி மணல்வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் முதலில் வந்து சேர்ந்த பெண் மூச்சு வாங்கக் கத்தினாள்.

"ஏலே, உள்ள எத்தன பேருலே? உள்ள எத்தன பேரு?"

வெடிவிபத்து நடந்த இடத்துக்கு ஓடிவருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அது. யார் முதலாளி, எப்படிப் பிடித்தது என்பதெல்லாம் பிறகு. சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் சத்தத்தைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். உள்ளே இருப்பது நம் அக்காவோ தங்கச்சியோ என்ற நினைப்பு இங்கே எல்லாருக்கும் உண்டு.

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் குழியையும் சீருடைக்காரர்களையும் எங்களையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். தாசில்தார் ஆபீஸ் ஆள் ஒருவர் அவர்களை வெளியே போகச் சொல்லிக் கையை ஆட்டினார். "அவுக நிக்கட்டும்" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கை தானாக இறங்கியது.

அப்போதுதான் கட்டுப் போட்ட அந்த வீரர் என் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண் என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று இந்தியில் கேட்டார். தம்பி அர்த்தம் சொன்னான்.  பிறகு எங்களைப் பார்த்து, தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத அந்த மனிதர், அந்தச் சொற்களை அப்படியே சொன்னார்.

"உள்ள எத்தன பேருலே."

என் மகன் கத்தியது அது என்று அவர் இந்தியில் சொல்லச் சொல்ல, தம்பி எங்களுக்குத் தமிழில் சொன்னான். பனி சரிந்தது வெடிச்சத்தம் மாதிரிதான் இருந்ததாம். கூடாரத்தோடு இரண்டு பேர் புதைந்துபோனார்கள், அதில் இவர் ஒருவர். மறுபடி சரியலாம், பொறுங்கள் என்று மற்றவர்கள் தடுத்திருக்கிறார்கள். என் மகன் சத்தம் வந்த திசையைப் பார்த்து ஓடியிருக்கிறான். அந்தப் பதற்றத்தில் இந்தி மறந்துபோய் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. கையால் தோண்டி இவரை இழுத்து வெளியே போட்டுவிட்டு, முகத்துக்கு நேரே குனிந்து இதையே கேட்டிருக்கிறான். பாஷை புரியவில்லை, ஆனால் கேள்வி புரிந்தது. இவர் ஒற்றை விரலைக் காட்டினார். இன்னும் ஒருவர். என் மகன் திரும்பிப் போனான். மறுபடியும் பனி சரிந்தது.

"நான் வெரலக் காட்டாம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாருன்னு சொல்லுதாருக்கா" என்றான் தம்பி. 

எனக்குக் கதை சொல்லி ஆறுதல்படுத்துகிறார்களோ என்ற சந்தேகம் எந்த மூலையிலும் எழவில்லை. எங்கோ மலையில் பிறந்தவருக்கு அந்தச் சொற்களை யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? பள்ளிச் சீருடையோடு இப்படி வெடிச்சத்தத்தைப் பார்த்து ஓடிப்போய்க் கரியும் புகையுமாக வீட்டுக்கு வந்த என் மகனை நான் விளாசியிருக்கிறேன். அவன் என் பேச்சைக் கேட்கவில்லை என்பது இப்போது தெரிந்தது. என் பிள்ளை தனியாகச் சாகவில்லை. யாரையோ தேடிக்கொண்டு போகையில் போயிருக்கிறான்.

"கேட்டா சரியான பதிலத்தான் சொல்லணும்னு சொல்லு" என்றேன் தம்பியிடம். "நீங்க வெரலக் காட்டலைன்னாலும் அவன் தோண்டித்தான் பாத்திருப்பான்னு சொல்லு. தப்பில்லாம சொல்லு." தம்பி தனக்குத் தெரிந்த தாபா இந்தியில் சொன்னான். எப்படிச் சொன்னானோ, அந்த வீரர் என் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மண் போட்டோம். ஓடிவந்த பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி போட்டார்கள். அவர்கள் கைப்பொடி மண்ணோடு சேர்ந்து விழுந்தது. சம்பளம் பிடிப்பார்களே என்ற பயத்தில் உடனே திரும்பி ஓடிவிட்டார்கள். அவர்கள் வராமல் இருந்திருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், எனக்கு எதுவும் கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அந்த வீரருக்குச் சோறு போட்டேன். விரல்களில் கட்டு இருந்ததால் நானே ஊட்டினேன். அவருக்கு அம்மா இருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னேன். இருக்கிறார்களாம், பிழைத்த பிறகு இன்னும் போய்ப் பார்க்கவில்லையாம். தம்பி போன் நம்பரை வாங்கி அழைத்து என் காதில் வைத்தான். நெடுநேரம் மணி அடித்தபின் ஒரு பெண் குரல் எடுத்தது.

"அம்மா, ஒங்க மகன் இங்கன எங்கூடத்தான் இருக்காரு. கையில மட்டுந்தான் காயம், ஆறிரும். நான் நர்சு, பாத்துட்டேன். நல்லாச் சாப்பிடுதாரு" என்றேன்.

தம்பி இந்தியில் சொல்லப் போனைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்து அந்த வீரர் ஏதோ சொல்ல, தன் மகனின் குரலை அந்த அம்மா கேட்டுவிட்டார். அந்தப் பக்கம் அழத் தொடங்கினார். பிள்ளை பிழைத்துவிட்டது என்று தெரிந்து அழுகிற அழுகையை வார்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், எனக்கு அடையாளம் தெரியும். என் மகன் கொடுத்தது அது. ஒரு துளி விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.